கடலில் எடுத்த கல், கடலுக்குத் திருப்பிக் கொடுக்கும் கல்



தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கும். அவற்றில் விளங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. காரணம், நாம் எடுத்த கல்.

பவளப்பாறை வெறும் பாறை அல்ல. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வீடு. அதுதான் தீவுக்கு அலை தடுக்கும் சுவர். சென்ற நூற்றாண்டில் அதை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் போனது. 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் இது நிற்கவில்லை. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகே படிப்படியாக ஓய்ந்தது.

எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது கூலி. அந்தச் சுண்ணாம்பை வாங்கிச் சுவருக்கு அடித்தது ஊர் முழுவதும்தான்.

தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவு 1969-ல் சுமார் 50 ஏக்கர். 2015-ல் ஐந்தாறு ஏக்கருக்குள் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் அரசு செயற்கைப் பாறைகளை இறக்கத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும் துணை நின்றன. துளைகள் உள்ள கான்கிரீட் கட்டுமானங்கள், பத்தாயிரத்துக்கும் மேல். அலை துளைகளில் புகுந்து வேகம் இழக்கிறது, பின்னால் மணல் தங்குகிறது, மீன்கள் ஒதுங்குகின்றன. மிதந்து வரும் பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் கிடைக்கிறது. தீவின் பரப்பு மெல்ல மீண்டது.

ஆனால் கான்கிரீட் பவளம் ஆகாது. அது திண்ணை மட்டுமே. குடிவர வேண்டியவை உயிர்கள். 2016 கோடையில் கடல் சூடேறி இதே வளைகுடாவில் பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன. அந்தச் சூட்டை எந்தக் கான்கிரீட்டும் தடுக்காது. சில பத்தாண்டுகளில் எடுத்ததைத் திரும்பக் கட்டப் பல தலைமுறை ஆகும். உடைக்காமல் இருப்பதே மலிவான வழி.

கடலோரத்தில் பழைய வீடு உள்ளவர்கள் அஸ்திவாரத்தைப் பாருங்கள். பூப்போட்டது போன்ற கல் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.