துருவைத் துடைப்பதற்கு முன்: ஒரு ஸ்பேனர், ஒரு பீரங்கி, கொஞ்சம் புளி

இந்த எபிசோடை நான் செஞ்ச ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன பொங்கலுக்கு அம்மாவோட ஊருக்குப் போயிருந்தேன். கும்பகோணத்திலிருந்து திருவையாறு போகிற வழியில் ஒரு சின்ன கிராமம். வீட்டில் பத்தாயம் இருந்த அறையை இடிக்கப்போறாங்க. உள்ளே ஒரு சாக்குமூட்டை. பிரிச்சுப் பார்த்தா தாத்தாவோட அம்பாசிடர் கார் சாமான்கள்: ஜாக்கி, கதவுக் கீல், வீல் நட்டு, போல்ட்டு, ஏழெட்டு ஸ்பேனர். கார் விற்று இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மிச்சம் இருக்கிறது இந்த மூட்டை மட்டும்தான். அதுவும் முழுக்கத் துரு. மாமா, "பழைய இரும்புக்கடைக்குப் போட்டுடலாம்டா"ன்னார். நான் விடலை. சென்னைக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.

வந்ததும் எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சேன். ரெண்டு வீடியோ பார்த்தேன், சூப்பர் மார்க்கெட்ல வினிகர் வாங்கினேன், ஒரு பிளாஸ்டிக் வாளியில் எல்லாத்தையும் போட்டு ஊற வெச்சேன். ராத்திரி முழுக்க வெச்சா போதும்னு சொல்லியிருந்தாங்க. ஆபீஸ் வேலையில மறந்துபோய், நாலாவது நாள்தான் திறந்தேன். துரு சுத்தமாப் போயிருந்தது. பெருமையா ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "பெரிய ஸ்பேனர்ல தாத்தா அவர் பேரோட முதல் ரெண்டு எழுத்தைக் குத்தி வெச்சிருந்தாரே, அது எங்க?"

எழுத்து இல்லை. துருப் பிடிச்சிருந்தப்போ மங்கலாத் தெரிஞ்சது, வினிகர் கழுவினதுக்கு அப்புறம் காணோம். அமிலத்துக்குத் துரு எது, இரும்பு எது, தாத்தா எது என்று தெரியாது. அன்னைக்குத்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது: நம்ம ஊர்ல காலம் காலமா துருவோட எப்படி வாழ்ந்திருக்காங்க?

முதல்ல துருன்னா என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். இரும்பு, தண்ணீர், காற்றில் இருக்கிற ஆக்சிஜன், இந்த மூணும் சேர்ந்தா துரு. உப்பு கூடினா வேகம் அதிகம். இப்போ டெல்டாவை நினைச்சுப் பாருங்க. வருஷத்தில் பல மாசம் வயலில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கிழக்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனா உப்புக் காற்று. இரும்பு துருப்பிடிக்க இதைவிட வசதியான ஊர் கிடையாது. ஆனால் கலப்பையின் கொழு, மண்வெட்டி, கதிர் அரிவாள் என்று விவசாயமே இரும்பை நம்பித்தான் நடந்தது.

அதனால் துருவை எடுக்கிற வழி சமையலறையிலேயே இருந்தது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளித்த மோரில் லாக்டிக் அமிலம். நாம வினிகர்னு சொல்றதுக்குத் தமிழில் காடி என்று பெயர். புளித்த கஞ்சிக்கும் அதே பெயர்தான். நெல் விளையுற ஊரில் கஞ்சிக்கும் பஞ்சமில்லை, அது புளிக்கிறதுக்கும் பஞ்சமில்லை. தேய்க்கிறதுக்கு உமிச் சாம்பல். நெல் உமியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள். நெல்லரைக்கிற ஊரில் இலவசமாகக் கிடைத்த உப்புக் காகிதம் அது!

பாட்டி அருவாமனையைத் தேய்க்கிறதை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். கொஞ்சம் புளி, சாம்பல், தேங்காய் நார். அஞ்சு நிமிஷம் தேய்ப்பாங்க. உடனே கழுவி, துடைச்சு, வெயில்ல காய வெச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவுவாங்க. புளியில் ஊற வெச்சுட்டுப் போய்த் தூங்க மாட்டாங்க. நான் வினிகரில் செஞ்சதுக்கும் பாட்டி புளியில் செஞ்சதுக்கும் வேதியியல்ல பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நேரத்தில்தான்.

ஆனால் இதே டெல்டாவில், இரும்பை வேணும்னே வாரக்கணக்கில் ஊறப்போட்டவங்களும் இருந்திருக்காங்க. கலம்காரி ஓவியர்கள்.

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டை, கொள்ளிடக் கரையில் கருப்பூர். நாயக்கர் காலத்திலிருந்து இந்தப் பக்கம் துணியில் கையால் ஓவியம் தீட்டுற மரபு இருக்கு. கோயில் தேரில் உருளை உருளையாகத் தொங்குமே, அந்தத் தொம்பை, தேர்ச்சீலை, விதானம் எல்லாம் இவங்க வேலை. 2021ல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

கலம்காரியில் கருப்பு எப்படி வருதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை ஒரு பானையில் போட்டு, வெல்லமும் தண்ணீரும் ஊற்றி மூடி வைப்பாங்க. ரெண்டு மூணு வாரத்தில் வெல்லம் புளித்துக் காடியாகும். அந்தக் காடி இரும்பைக் கரைக்கும். கடைசியில் கிடைப்பது இரும்பு அசிட்டேட் கரைசல். என்னோட வாளியில் நாலாவது நாள் கலங்கலா நின்னதும் கிட்டத்தட்ட அதே சரக்குதான்! நான் அதை சிங்க்கில் ஊத்திட்டேன்.

அந்தக் கரைசல் தனியாக இருக்கும்போது கருப்பு கிடையாது. துணியை முன்கூட்டியே கடுக்காயில் நனைச்சு வெச்சிருப்பாங்க. கடுக்காயில் டானின் இருக்கு. இரும்பும் டானினும் சந்திச்சதும் துணியில் கருப்பு பிறக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் பிரதிகள் எழுதப்பட்ட கருப்பு மையும் இதே இரும்பு-டானின் கூட்டணிதான். அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் காய்ப்புகள்.

இதில் ஒரு சோகமும் உண்டு. அருங்காட்சியகங்களில் இருக்கிற பழைய சோழமண்டலக் கரைத் துணிகளில், சில இடங்களில் கருப்புக் கோடு மட்டும் இற்று உதிர்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கிற சிவப்பு அப்படியே இருக்கும். கருப்பில் இருக்கிற இரும்பு மெல்ல மெல்லப் பருத்தியை அரிச்சிருக்கு. நாம கரைச்சுட்டோம்னு நினைக்கிற இரும்பு எங்கேயும் போயிடறதில்லை.

சரி, பழசைக் காப்பாத்தறதே தொழிலா இருக்கிறவங்க என்ன செஞ்சாங்க? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வாங்க. தஞ்சை மாவட்டத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைச்ச செப்புத் திருமேனிகள் ஏராளமா அங்கே போய்ச் சேர்ந்தன. அதில் சிலவற்றில் பச்சைப் பொடியாக அரிப்பு. உப்பு உள்ளே புகுந்து வெண்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது. 1930ல் அங்கே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினாங்க. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், மின்னாற்பகுப்பு முறையில் அந்தச் சிலைகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். பிறகு தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களை ஆராய்ந்ததும் இவர்தான்.

இன்னைக்குப் பழைய கார் வெச்சிருக்கிறவங்க வீட்டிலேயே அந்த முறையைத்தான் பண்றாங்க. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீரில் வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் மைனஸ் பக்கம், ஒரு வேண்டாத இரும்புத் துண்டு பிளஸ் பக்கம். துரு தளர்ந்து உதிரும். அமிலம் மாதிரி நல்ல இரும்பைத் தின்னாது. தாத்தாவோட ரெண்டு எழுத்து இதில் பிழைச்சிருக்க வாய்ப்பு உண்டு. ரெண்டு எச்சரிக்கை மட்டும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்காதீங்க, அதிலிருக்கிற குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதனால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்க.

இதெல்லாம் படிச்ச பிறகு நான் மறுபடி தஞ்சாவூர் போனேன். கீழவாசல் பக்கம் பீரங்கி மேடு. மேலே ராஜகோபால பீரங்கி. 17ஆம் நூற்றாண்டு, இரகுநாத நாயக்கர் காலத்தது என்கிறார்கள். நீளம் சுமார் 7.5 மீட்டர், எடை 20 டன்னுக்கு மேல். அச்சில் வார்த்தது இல்லை. நீளமான இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையம் வளையமாகப் பூட்டி, காய்ச்சி அடித்து ஒட்டியது. வெட்டவெளியில், வெயிலிலும் மழையிலும் இத்தனை நூற்றாண்டுகள் கிடந்தும் இன்னும் உறுதியாக இருக்கு. யாரும் அதை வினிகர் போட்டுத் தேய்க்கலை.

டெல்லி இரும்புத் தூண் ஏன் 1,600 வருஷமாத் துருவில் அழியலைன்னு விளக்கினவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம். அவரும் சக ஆய்வாளர்களும் 2004ல் இந்தத் தஞ்சாவூர் பீரங்கியைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. டெல்லித் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் அதன் மேல் உருவான மெல்லிய படலமே உள்ளிருக்கிற இரும்புக்குக் கவசம். அந்தப் படலம் போனால் பாதுகாப்பும் போச்சு.

உடனே "அப்போ என் காரையும் அப்படியே விட்டுடலாமா?"ன்னு கேட்காதீங்க. அம்பாசிடர் ஸ்டீல் வேற. அதில் வருகிற துரு செதில் செதிலா உதிரும், கவசமா நிற்காது. விட்டா ஓட்டை விழும். அங்கேதான் கலம்காரியின் கடுக்காய் மறுபடி வருது. ஹார்டுவேர் கடையில் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று ஒரு திரவம் விற்பாங்க. அதில் பலவற்றுக்கு அடிப்படை டானிக் அமிலம். துருவை எடுக்காமல், கருப்பான, அவ்வளவு சீக்கிரம் கரையாத ஒரு படலமாக மாற்றிவிடும். கடுக்காயை நசுக்கிக் கொதிக்க வெச்ச தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதவுக் கீல் மேல் தடவினேன். கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பு மாறி நீலக் கருப்பாச்சு. ஆனால் அதோட நிறுத்தக் கூடாது. மேலே எண்ணெயோ பெயிண்ட்டோ கட்டாயம் வேணும்.

இப்போ மூட்டையில் மிச்சம் இருந்ததை மூணு கூறாப் பிரிச்சிருக்கேன். சாதாரண நட்டு, போல்ட்டுக்கு வினிகர்தான், ஆனால் அலாரம் வெச்சு, அப்பப்போ எடுத்துப் பார்த்து. எடுத்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் கழுவி, நல்லாக் காய வெச்சு, எண்ணெய். ஜாக்கிக்கும் கீலுக்கும் கடுக்காய். குறி, எழுத்து, எண் ஏதாவது இருக்கிற எதையும் அமிலத்துக்குக் காட்டவே மாட்டேன். அலுமினியம், துத்தநாக வார்ப்புச் சின்னங்களையும் காட்டக் கூடாது, அமிலம் அவற்றை இன்னும் வேகமாத் தின்னும். பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங் பாகங்களை வீட்டில் ஊற வெச்சுத் திரும்ப மாட்டாதீங்க. அது உயிர் விஷயம், மெக்கானிக்கிட்ட கொடுங்க. எந்த அமிலத்தோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது, விஷவாயு வரும்.

அந்தப் பெரிய ஸ்பேனர் பளபளன்னு என் மேஜை மேல இருக்கு. அம்மா அதைக் கையில் வாங்கி, எழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாங்க. "இங்கதான் இருந்துச்சு"ன்னாங்க. வேறெதுவும் சொல்லலை.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும். வாளியைத் தேடுறதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்க ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வெச்சு, ஒவ்வொரு சாமானா எடுத்துக் காட்டி, "இது என்ன, இதுல என்ன இருக்கு?"ன்னு கேளுங்க. துரு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.