கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏன் கலர் ப்ரொஃபைல்?

நம்மில் பலர் வீட்டில் தாத்தா பாட்டியின் ஸ்டூடியோ படம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். பிள்ளைகள் புனே, தில்லி, ஐதராபாத் என்று ஆளுக்கொரு ஊரில். எல்லோருக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றால், ஸ்கேன் செய்து இன்க்ஜெட்டில் அச்சிட வேண்டியதுதான். பளபளப்பில்லாத மேட் பேப்பரில் போட்டால் பழைய படத்தின் களை அப்படியே வரும் என்று நினைப்போம். வந்து விழும் படத்திலோ தாத்தாவின் வேட்டி மடிப்பு லேசாகப் பச்சையடிக்கும், பாட்டியின் கறுப்புப் புடவை ஒரே திட்டாக இருக்கும். கறுப்பு வெள்ளையில் பச்சை எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

பாடகர் கிரஹாம் நாஷ் ஒரு புகைப்படப் பைத்தியமும்கூட :-) அச்சகங்களில் ப்ரூஃப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஐரிஸ் 3047 என்ற இன்க்ஜெட் இயந்திரத்தை வாங்கி, தன் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கனமான ஓவியத் தாளில் அச்சிட்டார். 1991-ல் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் தொடங்கியது. அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அன்றைய சாய மை சீக்கிரம் வெளுத்துவிடும்.

2000-ல் எப்சன் 2000பி பிக்மென்ட் மையோடு வந்தது. வெளுக்கும் கவலை பெரிதும் தீர்ந்தது, வேறொரு தொல்லை வந்தது. சாம்பல் நிறத்தை நீலம், மெஜந்தா, மஞ்சள் கலந்துதான் செய்தார்கள். விளக்கொளியில் சரியாகத் தெரிந்த அந்தக் கலவை, பகல் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தது. மெட்டமெரிசம் என்று இதைத்தான் சொன்னார்கள். அதே காலத்தில் ஜான் கோன், பிரிண்டரில் கலர் மைகளை எடுத்துவிட்டுப் பல அடர்த்தியில் கறுப்பு மைகளை நிரப்பும் பியசோகிராஃபி முறையைக் கொண்டுவந்தார். 2002-ல் எப்சன் 2200-ல் ஒரு வெளிர் கறுப்பு சேர்ந்தது. 2005-ல் ஆர்2400-ல் கறுப்பு மட்டும் மூன்று அடர்த்தி, கறுப்பு வெள்ளைக்கென்றே தனி மோடு.

சரி, ப்ரொஃபைலுக்கு வருவோம். 1993-ல் சில கம்பெனிகள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பைத் தொடங்கி, இதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தன. குறிப்பிட்ட பிரிண்டர், மை, தாள் மூன்றும் சேர்ந்தால் என்ன நிறம் விழுகிறது என்று அளந்து எழுதிய கணக்குதான் ப்ரொஃபைல். மேட் தாளுக்கு இது மிகவும் தேவை. காரணம், அதன் கறுப்பு ஆழம் குறைவு. பளபளப்புத் தாளில் கறுப்பின் அடர்த்தி 2-க்கு மேல் போகும், மேட் தாளில் 1.6, 1.7 தாண்டுவதே கஷ்டம். கணக்கில்லாமல் அச்சிட்டால் நிழல்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ப்ரொஃபைலோடு பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனும் போட்டால், திரையின் கறுப்பு தாளின் கறுப்புக்குள் சுருங்கி, புடவை மடிப்பு பிழைக்கும்.

ஆனால் ப்ரொஃபைல் ஒரு குறிப்பிட்ட ஒளிக்குப் போட்ட கணக்கு. கலர் மை கலந்த சாம்பல், விளக்கு மாறினால் நிறம் மாறுவதை அதனால் தடுக்க முடியாது. அதை மைதான் தீர்க்க வேண்டும். இந்த வரலாறு எனக்குச் சொல்வது இதைத்தான்: சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு மைகள், நிழல் வெளிச்சத்துக்கு ப்ரொஃபைல். ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் மென்பொருளில் இந்த இரண்டுக்கும் வழி உண்டு.

வெளியே கொடுத்து அச்சிடுகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். பிக்மென்ட் மையா? மேட் பிளாக் போட்டிருக்கிறதா? இந்தத் தாளுக்கான ப்ரொஃபைல் இருக்கிறதா? முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, ஜன்னல் ஓரத்திலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். இரண்டிலும் தாத்தாவின் வேட்டி பச்சையடிக்காமல் இருந்தால், மற்ற பிரதிகளைப் போடச் சொல்லி அண்ணன் தங்கைகளுக்கு அனுப்பிவிடலாம்.