பர்மா தேக்கு நாற்காலி நம்ம வாடகை வீட்டுக்கு வந்த கதை

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்ப சிம்பிள். வாடகை வீடு. அட்வான்ஸ் கொடுத்ததுலயே கையிருப்பு காலி. சுவத்துல ஆணி அடிக்கக்கூடாதுன்னு ஓனர் கண்டிப்பா சொல்லிட்டார். மிச்சம் இருக்கிற கொஞ்சம் காசுல, பழைய சாமான் வாங்கி, வீட்டை நம்ம வீடு மாதிரி ஆக்கிக்க முடியுமா?

முடியும். ஆனா இது வரலாற்று பாட்காஸ்ட். அதனால கொஞ்சம் பின்னாடி போய்த்தான் பதில் சொல்லுவேன்.

முதல்ல உங்க ரூமைச் சுத்திப் பாருங்க. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி. இந்த நாலு சொல்லும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. 16-ம் நூற்றாண்டில் சாந்தோம் பக்கம் வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சாமானோடு பேரும் சேர்ந்தே வந்தது. நாற்காலி மட்டும் நம்ம ஊர்ச் சொல். நாலு கால் இருந்ததால் நாற்காலி, அவ்வளவுதான். இன்னொரு சொல்லும் அதே வழியில் வந்திருக்கிறது: ஏலம். சாமானுக்குப் பேர் கொடுத்த அதே மொழிதான், அந்தச் சாமானைக் கைமாற்றி விற்கிற முறைக்கும் பேர் கொடுத்தது.

இந்த ஏலத்தைப் பிடிச்சுக்கிட்டே போவோம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மெட்ராஸுக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்களில் நிறைய பேர் இங்கேயே இறந்துபோனார்கள். காய்ச்சல், காலரா, போர். அவர்களுடைய கட்டில், மேசை, சட்டை, பீங்கான் தட்டு வரைக்கும் கணக்கெடுத்து, ஏலம் போட்டு, வந்த பணத்தைக் கடல் தாண்டி இருக்கும் வாரிசுக்குச் சேர்ப்பது வழக்கம். அந்தக் கணக்குப் பட்டியல்கள் இன்றைக்கும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மெட்ராஸுக்குத் தனி வரிசையே உண்டு.

யார் வாங்கினாங்க? அடுத்த கப்பலில் வந்து இறங்கினவர், பக்கத்து வீட்டுக்காரர், இங்கேயே இருந்த வியாபாரி. புதுசா வந்தவருக்குக் கட்டில் உடனே வேணும். இங்கிலாந்தில் ஆர்டர் பண்ணினா கப்பல் வர மாசக்கணக்கு ஆகும். இந்த ஊரில் செகண்ட் ஹேண்ட் என்பது நேத்து ஆரம்பிச்ச டிரெண்ட் இல்ல. ஊர் ஊரா வேலைக்கு வந்து போனவர்கள் தங்கின நகரத்தில், வீட்டை நிரப்புகிற சாதாரண வழியே அதுதான்.

உயிரோடு இருந்தவர்களுக்கும் ஒரே வீடு நிலைக்கவில்லை. ராணுவ அதிகாரிக்கும் கலெக்டருக்கும் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றல் வரும். வாடகை பங்களாவிலிருந்து இன்னொரு வாடகை பங்களாவுக்குப் போவார்கள். மாட்டு வண்டியில் ஏற்ற முடியாத சாமானை விற்றுவிட்டுப் போவார்கள். அதனால் ஏற்ற முடிகிற மாதிரியே சாமான் செய்கிற ஒரு தொழில் வளர்ந்தது. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி எனப் பிரிகிற இழுப்பறை மேசை. மூலைகளில் அடி படாமல் இருக்க பித்தளைத் தகடு. திருகிக் கழற்றுகிற கால்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ரூர்க்கி நாற்காலி. இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ரூர்க்கியில் ராணுவப் பொறியாளர் பிரிவு ஒன்று இருந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்த நாற்காலி அங்கே உருவானது. பசை இல்லை, ஆணி இல்லை. நாலு மரக்கால், குறுக்குக் கட்டைகள், இழுத்துக் கட்டின துணி அல்லது தோல். உட்காரும்போது நம்ம எடையே கட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேடு பள்ளமான தரையிலும் ஆடாது. பிரித்தால் ஒரு கட்டு விறகு மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். 1933-இல் டென்மார்க்கின் கோர கிளிண்ட் என்ற வடிவமைப்பாளர் இதைப் பார்த்துத்தான் தன்னுடைய சஃபாரி நாற்காலியைச் செய்தார். இன்றைக்கு டேனிஷ் டிசைன்னு பெரிய விலைக்கு விற்கிற வகையறாவில் அதுவும் ஒண்ணு.

ஆக, கழற்றி மாட்டுகிற ஃபர்னிச்சர் வாடகை வீட்டுக்காரர்களுக்காக இப்போ கண்டுபிடிச்சது இல்ல. மாற்றலுக்குப் பயந்தவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாடியே செய்துவிட்டார்கள்.

இப்ப விலைக்கு வருவோம். பழைய சாமான் ஏன் மலிவு? பழசானதாலன்னு நினைப்போம். அது பாதிதான் உண்மை. நல்ல தேக்கு நாற்காலி அம்பது வருஷத்தில் கெட்டுப்போகாது. விற்கிறவருக்கு நேரம் இல்லாததுதான் மீதிப் பாதி. மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணணும், ரயில் டிக்கெட் எடுத்தாச்சு, கப்பல் கிளம்பப் போகுது. நாம கொடுக்கிற விலையில் அவருடைய அவசரமும் சேர்ந்திருக்கு.

சில வருஷங்களில் ஊரே அவசரத்தில் இருந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம். அடுத்தது மெட்ராஸ்தான் என்று அரசே நம்பி, அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று சொன்னது. மிருகக்காட்சிசாலையில் இருந்த ஆபத்தான விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் ரயிலிலும் வண்டியிலும் கும்பல் கும்பலாகச் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அஞ்சு வருஷம் கழித்து, 1947-இல், வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டின. மறுபடியும் ஏலம்.

இப்படிக் கைமாறுகிற பொருள்களுக்கு மெட்ராஸில் பேர் போன இடம் மூர் மார்க்கெட். 1898-இல் அடிக்கல் நாட்டி, 1900-இல் திறந்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், மர சாமான் எல்லாம் அங்கே கிடைத்தது. 1985 மே மாசம் தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போ அந்த இடத்தில் நிற்கிறது புறநகர் ரயில் நிலையக் கட்டடம். தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ இருந்து சென்ட்ரல் பக்கம் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி, தலைப்பில் சொன்ன பர்மா தேக்குக்கு வர்றேன்.

செட்டிநாட்டு நகரத்தார் 19-ம் நூற்றாண்டிலிருந்தே பர்மாவில் வட்டித் தொழில் செய்தார்கள். கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நெல் விவசாயிகள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபமும் இந்தக் கதையில் உண்டு. அதை விட்டுவிட்டு மாளிகைகளின் அழகை மட்டும் பேசக்கூடாது.

அந்தத் தொழிலின் பணத்தில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய பெரிய வீடுகள் எழுந்தன. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. பெண்ணுக்குக் கொடுத்த சீர் சாமான் அறை அறையாக நிறைந்தது. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் வசம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பலர் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மிச்சமிருந்த தொழில்களும் போயின. வருமானம் நின்றுபோனது. ஊரில் வீடு மட்டும் நின்றது.

ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள். ஓடு மாற்றவே லட்சங்கள் ஆகும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அப்போ முதலில் வெளியே போவது எனாமல் டப்பா, கண்ணாடி, நாற்காலி. அடுத்து கதவு, தூண். கடைசியில் வீடே.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இந்தச் சாமான்களுக்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. போன வருஷம் போயிருந்தேன். என் மொத்த பட்ஜெட் 15,000 ரூபாய். ஒரு கடையில் ரெண்டு தூண் சாய்ச்சு வெச்சிருந்தாங்க. "எங்கண்ணே இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டேன். "வளவுத் தூணு தம்பி. பங்கு பிரிச்சுட்டாங்க. நாங்க வாங்கலைன்னா விறகுக் கடைக்குப் போயிருக்கும்" என்றார். அவர் சொல்றதில் நியாயம் இருக்கு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ஹோட்டலும் காபி ஷாப்பும் 'செட்டிநாடு லுக்'குக்கு நல்ல விலை கொடுக்கக் கொடுக்க, நிற்கிற வீட்டைப் பிரிக்கிறது லாபமாகிவிடுகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பேர் இருப்பதால் மட்டும் ஒரு தூணும் நிற்காது.

அதனால நான் எனக்கு ஒரு கோடு போட்டுக்கிட்டேன். மனுஷனோடு வீடு மாறுகிற பொருளை வாங்கலாம்: நாற்காலி, பெட்டி, டப்பா, கண்ணாடி. வீட்டைத் தாங்குகிற பொருளை வாங்க மாட்டேன்: தூண், நிலை, கதவு, தரைக்கல். வாடகை வீட்டில் இருக்கிற நமக்கு அது தேவையும் இல்ல. அடுத்த வீட்டு லிஃப்டில் தூண் ஏறாது.

அந்தக் கடையில் 2,200 ரூபாய்க்கு ஒரு பர்மா தேக்கு நாற்காலி எடுத்தேன். பிரம்புப் பின்னல் கிழிந்திருந்தது. சென்னையில் பின்னித் தர 900 ஆனது. மீதி எல்லாம் இங்கேயே, மாற்றலாகிப் போகிறவர்களிடம் வாங்கினேன். மடக்கு மேசை 1,500. ரெண்டு கதவு இரும்பு பீரோ 3,500. கால் கழலுகிற கட்டில் 4,000. குட்டியானை வாடகையும் ஏற்றி இறக்கின கூலியும் சேர்த்து 1,800. மிச்சம் 1,100-க்கு ரெண்டு விளக்கும், சுவத்தில் சாய்ச்சு வைக்க ஒரு பழைய கண்ணாடியும். ஆணியே அடிக்கல.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு விஷயம். நாற்காலியைத் தலைகீழாகத் திருப்புங்க. காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் உளுத்திருக்கு, வேண்டாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, கரையான் சுலபத்தில் அண்டாது. ஆனா பெயிண்ட் அடிச்ச மரத்தைத் தேக்குன்னு சொன்னா, அடிப்பக்கம் லேசாகச் சுரண்டிப் பார்த்துட்டு நம்புங்க. ரெண்டாவது, மெத்தையும் பஞ்சு சோபாவும் பழசு வாங்காதீங்க, மூட்டைப்பூச்சி கூடவே வரும். மூணாவது, வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம், ரெண்டையும் டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க. நாலாவது, பேரம் பேசுங்க, ஆனா மாசக் கடைசியில் காலி பண்றவரிடம் அவர் அவசரத்தைப் பார்த்து அடிமாட்டு விலை கேட்காதீங்க. பதினொரு மாச அக்ரிமென்ட் முடிஞ்சா நாமளும் அதே இடத்தில்தான் நிற்போம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். பழைய சாமான் வாங்கும்போது, "இது எங்கேயிருந்து வந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பாதிப் பேருக்குப் பதில் தெரியும். அதை ஒரு சீட்டில் எழுதி அந்த நாற்காலிக்கு அடியிலேயே ஒட்டி வைங்க. உங்ககிட்ட இருந்து வாங்கப் போறவங்களுக்கு அது போய்ச் சேரும்.

அடுத்த எபிசோடில் இரும்பு பீரோவின் கதை. மறுபடி சந்திப்போம்.