பெண்ணையாற்றின் மேல் போட்ட கணக்கு

திருவெண்ணெய்நல்லூர் என்றவுடன் இலக்கிய அன்பர்களுக்குச் சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட அருட்டுறையும், கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலும், மெய்கண்டாரும் நினைவுக்கு வருவது இயல்பு. சுந்தரர் தம் முதற்பதிகத்திலேயே இவ்வூரைப் பெண்ணையின் தென்பால் உள்ளதாகக் குறிக்கிறார். ஊருக்கு அடையாளமே ஆறுதான். அவ்வாற்றில் கடந்த முக்கால் நூற்றாண்டில் எழுந்த கட்டுமானங்கள் நம் இலக்கியக் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது வரப்போகும் காலத்தை அறியாமலே அதற்காகக் கட்ட நேர்ந்த மனிதரின் வரலாறு.

திருவெண்ணெய்நல்லூருக்குக் கிழக்கே, விழுப்புரத்தை ஒட்டி, 1949-50இல் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு எழுந்தது. இருகரை வாய்க்கால்களுக்கும் நீரைத் திருப்பி ஏரிகளை நிரப்புவது அதன் பணி. அதை வடிவமைத்தவர்கள் அன்றிருந்த ஆற்றைக் கண்டு கணக்கிட்டார்கள். அதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி ஏது? ஆனால் அந்த ஆறு பத்தாண்டு கூட அப்படியே இருக்கவில்லை. 1958இல் மேற்கே சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதற்கும் மேலே கிருஷ்ணகிரி அணையும் அதே காலத்தில் எழுந்தது. நந்திமலையிலிருந்து தன்போக்கில் வந்த வெள்ளம் இப்போது மதகுகளின் கட்டளைப்படி வரலாயிற்று. அணை மணலைத் தேக்கிக்கொண்டது. கீழே எஞ்சிய மணலை மனிதர் லாரிகளில் அள்ளினார்கள். அணைக்கட்டுக்குக் கீழ்ப்புறம் படுகை தாழ்ந்தால் நீர் விழும் உயரம் கூடும். விழும் நீர் அடித்தளத்தைத் தோண்டும். கட்டடம் மாறவில்லை, அது நின்ற ஆறு மாறிவிட்டது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அணைக்கட்டு உடைந்தது. கரை அரிப்பைத் தடுக்க அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

எழுபது ஆண்டு உழைத்த கட்டுமானத்தைக் குறைகூற நமக்கு மனமில்லை. அருகிலேயே தளவானூரில் ஏறத்தாழ 25 கோடி ரூபாய்ச் செலவில் 2020இல் கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியிலேயே ஒருபுறம் இடிந்தது. அது வேறு கதை. கட்டுமானத் தரம் பற்றிய கேள்விகள் அதில் உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கு. பொறியாளர்கள் ‘நூறாண்டு வெள்ளம்’ என்பார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவது என்று அதற்குப் பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். எழுபது ஆண்டு நிற்கும் ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் அதை ஒருமுறையேனும் சந்திக்க வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு. தட்பவெப்பம் மாறி அதே வெள்ளம் ஐம்பதாண்டு வெள்ளமாகிவிட்டால் வாய்ப்பு 76 விழுக்காடாகும். ஆண்டுக்கணக்கு ‘பாதியாகியது’ என்று படிக்கும்போது உறைக்காத செய்தி இப்படிப் பார்க்கும்போது உறைக்கிறது. இறந்தகாலப் பதிவுகளை எதிர்காலத்துக்கு அப்படியே நீட்டும் முறை செத்துவிட்டது என்று 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் மில்லியும் உடனாசிரியர்களும் எழுதினார்கள். நம் பக்கத்தில் அதற்குச் சான்று வர அதிக காலம் ஆகவில்லை.

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பெண்ணையிலிருந்து பிரிந்து நம் வட்டாரத்தின் ஊடே ஓடும் மலட்டாறு பெருக்கெடுத்து, அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. இருவேல்பட்டு முதலிய ஊர்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மலட்டாறு! பெரும்பாலான ஆண்டுகளில் வறண்டு கிடந்ததால் வந்த பெயர் போலும். பெயரும் ஒருவகைக் கணக்குதான். மலடு என்று மனத்தில் பதிந்தபின் அதன் கரையில் வீடு கட்டுகிறவருக்கு அச்சம் ஏன் வரப்போகிறது?

இதற்கு மாற்று வழியொன்று நம் நாட்டிலேயே உண்டு. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். கட்டியபின் காவிரிக்குள் மிகுதியாக நீர் புகுந்து அதன் படுகை ஆழமாகத் தொடங்கியது. ஆற்றின் போக்கைக் கவனித்துவந்தவர்கள் 1843இல் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினார்கள். தம் கட்டடத்தைத் தாமே திருத்த அவர்கள் கூசவில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை தேம்ஸ் ஆற்றுக்காக 2012இல் வெளியிட்ட திட்டமும் இத்தகையதே: கடல்மட்டம் இவ்வளவு உயர்ந்தால் இன்னது செய்வது, அதற்கும் மேல் உயர்ந்தால் இன்னது என்று படிப்படியாக வகுத்து, குறித்த கால இடைவெளியில் மறுபடி பார்க்கிறார்கள்.

எல்லீஸ் சத்திரத்தில் புதிய அணைக்கட்டுக்கான பணி பின்னர் மேற்கொள்ளப்பட்டது. அதன் கோப்பில் கான்கிரீட்டின் அளவும் ஷட்டர்களின் எண்ணிக்கையும் நிச்சயம் இருக்கும். படுகை எத்தனை அடி தாழ்ந்தால் அடித்தளத்தைச் சோதிப்பது, சாத்தனூரில் இவ்வளவு நீர் திறந்தால் எத்தனை மணி நேரத்தில் எந்த ஊரைச் சேரும், இக்கணக்கை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். அவை இருகரை ஊராட்சி அலுவலகங்களிலும் தமிழில் எழுதி மாட்டப்பட வேண்டும்.