பக்கவாட்டில் விரியும் வம்சம்: கொழும்புத் தமிழ்க் குடும்ப வரலாற்றுக்கு மரண அறிவித்தல்களும் பழைய படங்களும்

கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தேடப் புறப்படுவோர் பெரும்பாலும் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மேல்நோக்கியே ஏற முயல்கின்றனர். மூன்றாம் தலைமுறையைத் தாண்டுவதற்குள் பலருக்கு வழி அடைபட்டுவிடுகிறது. பதிவேடு கிடைக்கவில்லை, ஊரில் கேட்க ஆளில்லை என்று தேடல் அத்துடன் நின்றுபோகிறது. தேடிய திசையே பொருந்தாதது என்பது இக்கட்டுரையின் வாதம். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை முதலில் பக்கவாட்டில் தேட வேண்டும்: உடன்பிறந்தோர், மைத்துனர்மார், சகலன்மார், பெறாமக்கள், சம்பந்தி வீட்டார். அந்தத் தேடலுக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சான்றுகள் இரண்டு. ஒன்று பத்திரிகைகளில் வந்த மரண அறிவித்தல். மற்றது குடும்பமாக நின்று எடுத்த புகைப்படம். அரச பதிவேடே முதன்மைச் சான்று, இவை வெறும் துணை என்ற தரவரிசையை நான் ஏற்கவில்லை.

மேல்நோக்கிய தேடல் யாருக்குப் பொருந்தும் என்பதற்குப் பறங்கியர் உதாரணம். இடச்சுப் பறங்கியர் சங்கம் 1908இல் தோன்றியது. அதன் சஞ்சிகை பறங்கிக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. அங்கே ஒரே குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதால், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம். நமக்கு அந்த வசதி இல்லை. உதாரணமாக, பொன்னம்பல முதலியார் கொழும்புக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலை எழுப்பியவர். அவருடைய மக்களுள் இருவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் (1851–1930) சேர் பொன்னம்பலம் அருணாசலமும் (1853–1924). அருணாசலத்தின் மகன் சேர் அருணாசலம் மகாதேவா. தலைமுறைக்குத் தலைமுறை முதற்பெயர் மாறுகிறது. பெயரை மட்டும் வைத்து ஆண்வழியே தேடுபவருக்கு இவர்கள் எல்லோரும் வெவ்வேறு குடும்பத்தவராகவே தெரிவர்.

அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தாயார் சேர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி. முத்துக்குமாரசுவாமியின் மகன்தான் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). இலங்கைத் தமிழரின் பொதுவாழ்வையும் கீழைத்தேயக் கலை ஆய்வையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் இந்த உறவு ஒரு பெண்ணின் வழியாக வருவது. தாய்மாமன், மருமகன், மைத்துனன் என்று பக்கவாட்டில் பார்த்தால் ஒரே பார்வையில் பிடிபடுவது, ஆண்வழி ஏறுபவரின் கண்ணில் ஒருபோதும் படாது. பெயர்பெற்ற குடும்பத்துக்கே இந்த நிலை என்றால் பெயர் அறியப்படாத குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்வழி ஏறும் இந்தப் பழக்கத்துக்கு அரசுச் சட்டமும் வலுவூட்டியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபின், இலங்கையில் அதற்கு முன்பே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை எனக் கொள்ளப்பட அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். நம் பிறப்புச் சான்றிதழ்களில் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எனக் கட்டங்கள் இருப்பது இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டிய செய்தி. தோட்டங்களிலும், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் எத்தனையோ பேரால் அந்தக் கட்டங்களை நிரப்ப முடியவில்லை. அவர்களுக்குக் குடும்ப வரலாறு பொழுதுபோக்காக இருந்ததில்லை. நாடு இருப்பதும் இல்லாமற் போவதும் அதில் தங்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகப் பிரிந்தனர். அத்தகைய குடும்பத்தில் மேல்நோக்கிய கோடு எவ்வளவு நேராக வரையப்பட்டாலும் அந்தப் பிரிவை அது காட்டாது.

இனி மரண அறிவித்தலுக்கு வருவோம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கப்பட்டவை. கொழும்புத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அறிவித்தல்களை ஆங்கிலத்தில் டெய்லி நியூஸிலும் தேடவேண்டும். தமிழ் அறிவித்தலின் வாய்பாடு வாசகர் எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகன், இன்னார் தம்பதிகளின் அன்பு மருமகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னின்னாரின் பாசமிகு தந்தை, மாமனார், சகோதரர், மைத்துனர், பேரன், பூட்டன் என்று ஒழுங்காக நடக்கும். கிரியை நடக்கும் இடம், தகனத்துக்குப் பொறளை கனத்தை அல்லது மாதம்பிட்டி மயானம் என்ற குறிப்பு, கடைசியில் தகவல் தந்தவர் பெயர். இத்தனை சிறிய இடத்துக்குள் நாற்பது ஐம்பது பெயர்களை உறவோடு சேர்த்துத் தரும் பதிவு எந்தக் கச்சேரியிலும் இல்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் இதே ஒழுங்கில் வாசிக்கப்பட்ட அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரே தடவை காதில் விழுந்தாலே இறந்தவர் யார் வீட்டு ஆள் என்று விளங்கிவிடும்.

ஆனால் ஓர் அறிவித்தலைத் தனியே வாசித்தால் அது பல இடங்களில் வழிதவறச் செய்யும். சகோதரர் பட்டியலில் "காலஞ்சென்றவர்களான" என்ற சொல்லுக்குக் கீழே இறந்தவர்கள் முதலிலும், உயிரோடிருப்பவர்கள் பின்னரும் வருவர். ஆகவே மேலிருந்து கீழே வாசித்து மூத்தவர், இளையவர் என்று வரிசைப்படுத்துவது தவறு. பிறப்பு வரிசை அந்தந்தக் கூட்டத்துக்குள்ளேதான் பேணப்படுகிறது. ஏழு சகோதரர்கள் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் இறக்கும்போது வரும் அறிவித்தல்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், முதலாவதில் பெரும்பாலோர் உயிரோடிருக்கும் பட்டியல் கிடைக்கும். அதுவே பிறப்பு வரிசைக்குப் பெரும்பாலும் நம்பத்தக்கது. ஒருவர் பெயர் உயிரோடிருப்போர் கூட்டத்திலிருந்து காலஞ்சென்றோர் கூட்டத்துக்கு எந்த இரு அறிவித்தல்களுக்கு இடையில் நகர்கிறதோ, அந்த இடைவெளிக்குள் அவருடைய மரணம். தனக்கென்று அறிவித்தலே வெளிவராதவரின் காலத்தையும் இப்படிக் குறிக்கலாம்.

மருமக்கள் பட்டியலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகள் வரிசைக்கு நேராக மருமக்கள் வரிசை அமைவது வழக்கம். மணமாகாத பிள்ளை ஒருவர் நடுவில் இருந்தால் அவருக்குக் கீழே உள்ள இணைகள் எல்லாம் ஒருபடி நழுவிவிடும். மச்சாள் முறையில் மணம் முடிக்கும் குடும்பங்களில், மருமகன் என்பவர் மகளை மணந்தவரா, சகோதரியின் மகனா, அல்லது இரண்டுமா என்பதையும் அடுத்த அறிவித்தல்தான் தீர்த்துவைக்கும். ஆய்வின் அலகு ஒற்றை அறிவித்தல் அல்ல. ஒரே உறவுக் கூட்டத்தின் அறிவித்தல்களின் தொடர்தான் என்று நான் வலியுறுத்துவது இதனாலேயே. பெயருக்குப் பக்கத்தில் பிறை அடைப்புக்குள் வரும் ஊர்கள் இன்னொரு வரலாற்றைத் தருகின்றன. பழைய அறிவித்தல்களில் மலாயா, சிங்கப்பூர், பின்னர் லண்டன், 1983க்குப் பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா. யார் எப்போது எங்கே போனார் என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆவணம் பல வீடுகளில் இல்லை.

புகைப்படத்தின் குறை இதற்கு நேர் எதிரானது. முகங்கள் நிறைய இருக்கும், பெயர்கள் இரா. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாற்றே போன்ற ஸ்ரூடியோக்களின் படங்கள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, கீழே நிறுவனப் பெயருடன் வந்தன. அட்டையின் பின்புறத்தை முதலில் பார்க்க வேண்டும். ஸ்ரூடியோவின் முத்திரை, அதன் முகவரி, தொலைபேசி எண்ணில் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை, யாரோ பென்சிலால் எழுதிய ஒற்றைச் சொல் ஆகிய ஒவ்வொன்றும் காலத்தைச் சற்று நெருக்கித் தரும். அடுத்து முன்புறத்தில் கைக்குழந்தையைத் தேட வேண்டும். குடும்பப் படத்தில் காலம் காட்டுவது பெரியவர்களின் உடை அல்ல, மடியில் இருக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளையின் பிறந்த ஆண்டு தெரிந்தால் படத்தின் ஆண்டு தெரியும். அடுத்த பிள்ளை படத்தில் இல்லாமை மேல்வரம்பைத் தரும். உடன்பிறந்தோர் வரிசை தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. அதைத் தருவது மேலே சொன்ன அறிவித்தல்களின் தொடர்.

இரண்டும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. அறிவித்தலில் அல்லது ஓராண்டு நினைவஞ்சலியில் அச்சான முகம் பல வேளைகளில் இறந்த வயதின் முகம் அல்ல. இருபது முப்பது வருடம் முந்திய கலியாணவீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் பக்கத்தில் நின்றவரின் தோள் அல்லது மாலையின் நுனி தப்பி நிற்கும். அந்தத் தோளையும் மாலையையும் வைத்து மூலப் படத்தை அடையாளம் கண்டால், பெயர் தெரியாத குழுப்படத்தில் ஒருவருக்குப் பெயர் உறுதியாகிவிடும். அவர் நிற்கும் இடத்திலிருந்து மணமக்கள் யார், இருக்கையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் எந்தப் பக்கத்து உறவு என்று படிப்படியாக நகரலாம்.

மூதாட்டிகள் பலருக்குத் தேசிய அடையாள அட்டைக்காக எடுத்ததே ஒரே தனிப்படமாக இருக்கும். 1972இல் நடைமுறைக்கு வந்த அந்த அட்டையின் பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாளாகக் கணக்கிட வேண்டும். ஆனால் அட்டை எடுத்தபோது வாய்மொழியாகச் சொன்ன திகதியாகவும் அது இருக்கலாம். ஆகவே அந்தியேட்டிக் கிரியை நாளில் வழங்கப்படும் நினைவு மலரான கல்வெட்டில் பிறப்பு பற்றிய குறிப்பு இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அதே கல்வெட்டில் உள்ள திதி வெண்பா மறைவின் ஆண்டு, மாதம், பட்சம், திதி அனைத்தையும் தரும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பி வருபவை என்பதை மறந்துவிடக் கூடாது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் சேகரித்து வருவது இத்துறைக்குச் செய்த பெருந்தொண்டு.

இந்தச் சான்றுகளில் பல அழிந்தும் போயின. 1983 ஜூலை 24ஆம் திகதி, கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் இறுதிக் கிரியைக்காகக் கூட்டம் திரண்ட பொறளை கனத்தையில்தான் தமிழருக்கு எதிரான வன்செயல் மூண்டது. நம் அறிவித்தல்களில் ஓயாமல் வரும் இடம் அந்தக் கனத்தை. அடுத்தடுத்த நாட்களில் வெள்ளவத்தையிலும் நகரின் பிற பகுதிகளிலும் எரிந்த வீடுகளோடு அல்பங்களும் சாம்பலாயின. அதற்கு இரண்டாண்டு முன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும்; வீட்டு அலுமாரிகளில் இருந்த ஆவணக்காப்பகங்கள் எரிந்ததற்குக் கணக்கே இல்லை. என்றாலும் ஸ்ரூடியோப் படத்துக்குப் பெரும்பாலும் பிரதிகள் உண்டு. சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, மலாயாவில் இருந்த தமையனுக்கு ஒன்று, ஊரில் இருந்த பெரியம்மாவுக்கு ஒன்று. எரிந்த வீட்டின் படம் நேர்வாரிசிடம் இராது. கிளையுறவின் பெட்டிக்குள் இருக்கும். கிளை யார் என்று தெரிய மறுபடியும் அறிவித்தலைத்தான் புரட்ட வேண்டும். பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பார்க்க முன்பு றீட் அவனியூ என அழைக்கப்பட்ட வீதியில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது.

இந்தச் சான்றுகளைக் கொண்டாடிவிட்டு அவற்றின் மௌனத்தைக் கடந்து செல்வது நேர்மையாகாது. சாதி மீறி மணந்த மகள், சிங்களக் குடும்பத்தில் மணம் முடித்த மகன், இரண்டாம் தாரமும் பிள்ளைகளும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதுண்டு. இங்கும் தொடர் உதவும்: தகப்பனின் அறிவித்தலில் இல்லாத மகள், காலம் ஆறிய பின் தமையனின் அறிவித்தலில் வந்துவிடலாம். கட்டணம் கட்ட இயலாத கொட்டாஞ்சேனை வீடுகளில் வெள்ளைக் கொடியும் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியுமே அறிவித்தல். அவை மழையோடு போயின. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கேனும் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் உள்ளன. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கோ அறிவித்தலே இல்லை. இறந்தார் என்று எழுதத் தாய் சம்மதிக்க மாட்டாள். சகோதரர் பட்டியலில் ஊர்ப்பெயரும் இல்லாமல் காலஞ்சென்றோர் கூட்டத்திலும் இல்லாமல், பத்தாண்டு இடைவெளியில் வந்த அறிவித்தல்களில் மாறாமல் நிற்கும் பெயரைக் காணும்போது ஆய்வாளர் உடனே முடிவு கட்டாமல் வீட்டாரிடம் பக்குவமாகக் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை தெளிவானது. மரண அறிவித்தல்களுக்கு அட்டவணை தயாரிப்போர் இறந்தவர் பெயரை மட்டும் ஏற்றுவது வீண். அறிவித்தலில் உள்ள ஒவ்வொரு பெயரும், உறவுமுறை, பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்றோர் கூட்டத்தில் உள்ளவரா என்பது, அன்றிருந்த நாடு ஆகியவற்றோடு தனித்தனி வரியாக ஏறவேண்டும். குடும்பப் படங்களை மின்வருடும்போது பின்புறத்தையும் அட்டையின் விளிம்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். உயிரோடிருப்போரின் பெயர்கள் அட்டவணையில் இருந்தாலும் பொதுப் பார்வைக்குத் திறக்கப்படக் கூடாது. தாயின் பெயரையும் பிறந்த திகதியையும் வங்கிகள் அடையாளச் சோதனைக்குக் கேட்கும் இந்தக் காலத்தில், ஓர் அறிவித்தலின் முழு உறவுப் பட்டியல் உயிரோடிருப்பவருக்குத் தீங்காகவும் திரும்பலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய இதழ்களிலிருந்து இந்த வேலையைத் தொடங்கினால் அந்தச் சிக்கல் பெருமளவு குறையும். அதே காலத்துக் குடும்பப் படங்களில் மடியில் இருந்த பிள்ளைகளில் பலர் இன்றும் பெயர் சொல்லக்கூடிய நிலையில் இருக்கின்றனர். அவர்களிடம் போவதை அட்டவணை முடியும்வரை ஒத்திப்போட முடியாது.