ஹட்டனும் இணையவழிக் கற்கைநெறிகளும்

க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகைமை பெறுவோரில் பெரும்பாலானோருக்கு ஆண்டுதோறும் இடம் கிடைப்பதில்லை. மலையகத்திலோ சாதாரண தரத்துடன் பாடசாலையை விட்டு விலகி, கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் இளைஞர், யுவதிகள் அநேகர். இவர்களுக்கு இணையவழிக் கற்கைநெறிகள் ஒரு மாற்றுவழியாக முன்வைக்கப்படுகின்றன. வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. எந்த வீட்டிலிருந்து என்பதே கேள்வி.

இணையவழிக் கல்வியில் நீண்ட அனுபவமுடையவை அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள். 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தோன்றிய ஈராண்டுக் கல்லூரி இவற்றின் முன்னோடியாகும். குறைந்த கட்டணத்தில், உள்ளூரிலேயே, தொழில் பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இடமளிப்பது இவற்றின் இயல்பு. இந்தியாவில் 1995 இல் புதுச்சேரியிலும் 1996 இல் சென்னையிலும் இவ்வகைக் கல்லூரிகள் உருவாகின. வேர்ஜீனியா, வொஷிங்டன் மாநிலங்களின் சமுதாயக் கல்லூரிகள் பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு நிலையமொன்று 2011 இல் வெளியிட்ட முடிவுகள் கவனத்திற்குரியவை. வகுப்பறையில் பயின்றோரைவிட இணையவழியில் பயின்றோரே அதிகமாகச் சித்தியடையத் தவறினர் அல்லது இடையில் விலகினர். முன்னரே கல்வியில் பின்தங்கியிருந்தவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம் எனப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. மின்சாரமும் இணைய வசதியும் தாராளமாக உள்ள நாட்டின் நிலை இது!

லயன் அறையில் மேசைக்கும் இடமில்லை, அமைதிக்கும் இடமில்லை. வீட்டில் இருக்கும் ஒரே கைத்தொலைபேசி பகலில் தந்தையுடன் போய்விடும். 2020 இல் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அலைவரிசை தேடி மாணவர்கள் மேடுகளில் ஏறியதை நாடே கண்டது. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதிலிருந்தே தரவுக் கட்டணமும் செலுத்தப்பட வேண்டும்.

சமுதாயக் கல்லூரியின் பணியை நம் நாட்டில் பெருமளவுக்கு ஆற்றி வருவது, 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமே. ஹட்டனிலும் அதன் கற்கை நிலையம் உண்டு. 18 வயது நிறைந்தவர், உயர்தரச் சித்தி இல்லாவிடினும், அடிப்படைநிலைக் கற்கைநெறியில் தொடங்கிப் படிப்படியாகப் பட்டம் வரை செல்ல அது வழியமைத்தது. சமூகக் கல்வி சார்ந்த ஆரம்பநிலைக் கற்கைநெறிகளில் தமிழ்மொழி மூலமும் உண்டு. விஞ்ஞானம், பொறியியல் பட்டப்படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும் ஆங்கிலத்திலேயே உள்ளது. மலையக மாணவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் கணினியில் அன்று, இந்த மொழிப் படியிலேயே.

இணையவழிக் கல்வி பெண்களுக்கு எவ்வளவு பயனுள்ளது என்பதும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பெண் பிள்ளைகளைத் தூர இடங்களில் விடுதியில் தங்கவைக்கத் தயங்கும் பெற்றோர் தோட்டங்களிலும் உள்ளனர், ஹட்டன், தலவாக்கலை நகரங்களின் முஸ்லிம் குடும்பங்களிலும் உள்ளனர். அவர்களுக்குச் சொந்த ஊரில் கிடைக்கும் படிப்பே பலவேளை கிடைக்கும் ஒரே படிப்பாகும்.

சேருமுன் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. தொழிற்பயிற்சி நிறுவனமாயின், 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? சான்றிதழ் தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தின் ஏழு மட்டங்களில் எதில் அமைகிறது? நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பட்டமளிக்கும் நிறுவனமாயின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதனை அங்கீகரிக்கிறதா? காதணியை அடகுவைத்துக் கட்டணம் செலுத்திய பின் இதனை விசாரிப்பதில் பயனில்லை.

ஹட்டனுக்குத் தேவையானது மற்றுமொரு செயலி அல்ல. பாடசாலை விட்டதும் பூட்டப்படும் கணினி அறைகளை மாலையிலும் ஞாயிறு தினங்களிலும் திறந்துவைத்து, ஐயம் கேட்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வல்ல ஓர் ஆசிரியரை அங்கு அமர்த்தினால், திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பவரும் பிற இணையவழிக் கற்கைநெறிகளில் படிப்பவரும் ஒரே இடத்தில் பயன்பெறலாம். கட்டடமும் கணினியும் ஏற்கெனவே உள்ளன. மின்கட்டணம், காவலாளி, ஆசிரியரின் கொடுப்பனவு ஆகிய மூன்றையும் மத்திய மாகாண சபையின் கல்வி அமைச்சு ஏற்பதா, மத்திய அரசு ஏற்பதா என்பதே தீர்க்கப்பட வேண்டியது.