கால்நடை மருத்துவக் கல்வியும் நம் சமுதாயமும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில், இளைஞர்களின் சிந்தனைக்கு ஒரு வரலாற்றை முன்வைக்க விரும்புகிறோம். ஆண்டிபட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் ஆடு மாடுகளோடு ஒட்டாத வாழ்வு அரிது. எனினும், அவ்வுழைப்பு யாருக்கு மதிப்பைத் தந்தது, யாருக்கு இழிவைத் தந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

உயிருள்ள மாடு ஊருக்குரியது. செத்த மாடு சேரிக்குரியது என்பதே பழைய வழக்கம். செத்த மாட்டை அகற்றும் வேலையும் தோலுரிக்கும் வேலையும் நம் முன்னோர் பலர் மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டன. பின்னர் அவ்வேலையையே காரணங்காட்டி அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றனர். 1927 மார்ச்சில் நடந்த மகாட் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு அண்ணல் அம்பேத்கர் நம் மக்களை வற்புறுத்தினார். தன்மானமே அவ்வேண்டுகோளின் உயிர்நாடி.

அவ்வேலை இழிவை மட்டுமன்றி உயிருக்கு இடரையும் தந்தது. அடைப்பான் நோயால் இறந்த மாட்டை அறுத்தால், அறுப்பவரின் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் கிருமி உட்புகும். மண்ணில் அது பல்லாண்டுகள் அழியாது கிடக்கும். ஆகவே, அவ்வுடலை அறுக்காமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும் என்கிறது கால்நடை மருத்துவம். இவ்வறிவு யாருக்கு முதலில் கிடைத்திருக்க வேண்டுமோ, அந்தக் கத்தி பிடித்த கைகளுக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை.

அவ்வறிவைப் புகட்டும் கல்லூரி 1903ஆம் ஆண்டிலேயே சென்னை வேப்பேரியில் தோன்றிவிட்டது. 1936இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1985இல் நாமக்கல்லில் மற்றொரு கல்லூரி எழுந்தது. 1989இல் கால்நடை மருத்துவத்திற்கென்றே தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் அமைந்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. 2020இல் நம் தேனி மாவட்டத்திற்கும் ஒரு கல்லூரி வந்தது. வேப்பேரியிலிருந்து நம் வாயிலுக்கு வர அக்கல்விக்கு நூற்றுப் பதினேழு ஆண்டுகள் தேவைப்பட்டன!

கல்லூரி அருகில் வந்தால் மட்டும் போதாது. கதவும் திறக்க வேண்டும். 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கல்வியில் இடஒதுக்கீட்டிற்கு உறுதியான அடித்தளம் இட்டது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடங்கள் உள்ளன. அதனுள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியருக்கு உரியது. இவ்விடங்கள் எவருடைய இரக்கத்தாலும் வந்தவையல்ல. போராடிப் பெற்ற உரிமைகள்.

"மாட்டை விட்டு விலகத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், படித்தும் மாட்டிடமே போவதா?" என்று நம் பெரியோர் சிலர் கேட்கலாம். அவ்வினாவில் பழைய வேதனை இருக்கிறது, அதை மதிக்கிறோம். ஆனால் வேறுபாட்டை உணர வேண்டும். அன்று செத்த மாட்டிற்காக நம்மை அழைத்தார்கள். நாம் மறுக்க முடியவில்லை. இனி நோயுற்ற மாட்டைக் காக்க நம்மை அழைப்பார்கள். நாம் கற்றவராகச் செல்வோம். மாடுகளை மந்தை மந்தையாக மாய்த்த வெக்கை நோயைத் தடுப்பூசியால் ஒழித்து, 2011இல் உலகமே விடுதலை பெற்றதாக அறிவிக்கச் செய்தது இந்த அறிவியலே.

இளைஞர்களே! மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களை ஊன்றிப் பயிலுங்கள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டிய பட்டம் இது. பெண்மக்களையும் தயங்காமல் அனுப்புங்கள். நம் முன்னோர் கத்தியோடு நின்ற இடத்தில், நம் பிள்ளைகள் மருந்தோடு நிற்கட்டும்.